தொங்கல் கணக்கில் ஒரு கடல்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையைக் கடந்து, கடலரிப்புக்கு அணையாகப் போட்டிருக்கும் கருங்கற்களின் மேல் நின்றுகொண்டிருந்தேன். செருப்பின் நுனியை அலை நனைத்துவிட்டுப் போனது. அந்த வேளையில் என் கைத்தொலைபேசி, நான் 93 மீற்றர் கீழே நிற்பதாகக் காட்டியது. தினமும் எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணுவதற்காக, வைத்தியரின் வற்புறுத்தலினால் தரவிறக்கிய ஒரு செயலி அது. தூரம், நேரம், உயரம் என்று மூன்று பெட்டிகள். உயரம் என்ற பெட்டியில் சிறியதொரு கழித்தற் குறியும் அதன் பக்கத்தில் 93 என்ற இலக்கமும். மறுநாள் 95. அதற்கு அடுத்த நாள் 91. ஒரு நாளாவது பூச்சியத்துக்குக் கிட்ட வரவில்லை. காலி வீதியில் ஒரு திருத்தகத்தில் கொடுத்துப் பார்த்தேன். அங்கிருந்த பொடியன் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, "சென்சர் போயிட்டு அண்ணே, மாத்தினா 6,500 வரும்" என்றான். மாற்றவில்லை. நடப்பதற்கு உயரம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்று எழுதினாலும், உண்மையில் விடவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு ஓர் இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் நித்திரை வராது. தொலைபேசி கெட்டுப்போயிருந்தால் இலக்கம் தாறுமாறாக ஓடியிருக்க வேண்டும். இன்றைக்கு 400, நாளைக்குப் பூச்சியம் என்று. இது அப்படி ஓடவில்லை. ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனைப் பிழைகாரன் என்று சொல்வதற்கு முன்னர் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது.

அதே கிழமைதான் என் பெறாமகள் வந்தாள். தம்பியின் மூத்தவள், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். பாடசாலைத் தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிக்கு, விஞ்ஞானிகளை மிகவும் கவர்ந்த ஆய்வுகள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். "பெரியப்பா, விஞ்ஞானிகளுக்கு ஆகப் பிடிச்ச ஆராய்ச்சி எது?" என்று கேட்டாள். பத்திரிகை படிக்கிறவன் என்ற உரிமையில் நானும் அடுக்கினேன்: கருந்துளை, கரும்பொருள், மனித மூளை, செவ்வாயில் உயிர். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அவைக்கு ஏன் பிடிக்குது எண்டு சொல்லுங்கோ." எனக்குப் பதில் தெரியவில்லை. கருந்துளை மிகப் பெரியது, அதனால் பிடிக்கும் என்றா சொல்வது? பெரிதாக இருப்பதெல்லாம் பிடிப்பதென்றால் பட்டியலில் முதலிடம் வேறு எதற்கோ போயிருக்கும்.

பூச்சியம் எங்கே இருக்கிறது

எங்கள் தொடர்மாடியில் நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். மாலையில் மொட்டை மாடியில் காற்று வாங்க வருவார். சும்மா பேச்சுக்காகத்தான் தொலைபேசியைக் காட்டி என் மனக்குறையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இலக்கத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"தம்பி, போன் சொல்லுறது சரி. நீர் பூச்சியத்தை எங்கை வைச்சுக்கொண்டு பாக்கிறீர் எண்டதுதான் கேள்வி. செய்மதிக்குக் கடல் எங்கை இருக்குதெண்டு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு உருண்டை மட்டும்தான்."

அந்த உருண்டையை அவர் விளக்கினார். ஜி.பி.எஸ். செய்மதிகளைக் கொண்டு உயரத்தைக் கணிப்பதற்குப் புவியை ஒழுங்கான, துருவங்களில் சற்றே தட்டையான ஓர் உருண்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். மத்தியகோட்டில் அதன் ஆரை 6,378.137 கிலோமீற்றர், துருவத்தில் ஏறத்தாழ 21 கிலோமீற்றர் குறைவு. இது கணிதத்தில் மட்டும் உள்ள உருண்டை. நிஜக் கடலோ, புவியின் உட்புறத்தில் எங்கே பாரம் கூடுதலாகக் கிடக்கிறது, எங்கே குறைவாகக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து இந்த உருண்டைக்குச் சில இடங்களில் மேலேயும் சில இடங்களில் கீழேயும் தளும்பி நிற்கிறது. நியூகினித் தீவின் பக்கத்தில் 80 மீற்றருக்கும் மேலே எழும்பி நிற்கிறது. எங்கள் பக்கத்தில் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே ஆகத் தாழ்ந்த இடம் எங்கள் தீவுக்குத் தெற்கேயுள்ள கடலில்தான் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கணித உருண்டைக்கு 106 மீற்றர் கீழே. கொழும்பு அந்தப் பள்ளத்தின் கரையில்கூட இல்லை, உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான செயலிகள் இந்த வித்தியாசத்தை அட்டவணை பார்த்துச் சரிக்கட்டிவிட்டுத்தான் எங்களுக்கு உயரத்தைக் காட்டுகின்றன. என்னுடையது இலவசச் செயலி. சரிக்கட்டாமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது.

அன்றிரவு நான் கீழே இறங்கவேயில்லை. மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் வெள்ளவத்தைக் கடல் எப்போதும் போல ஒரு தட்டுப் போலத்தான் கிடந்தது. முப்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஒரு பள்ளத்துக்குள் இருந்துகொண்டுதான் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெறாமகளிடம் சொன்னபோது அவள் உடனே கேட்டாள்: "அப்ப இங்கையிருந்து தெற்கே போற கப்பல் பள்ளத்திலை இறங்குமா? எஞ்சினை நிப்பாட்டினாலும் ஓடுமா?" நான் பதிலை அளவையாளர் ஐயாவிடம் கேட்டு வரவேண்டியிருந்தது. ஓடாது. ஏனென்றால், எது மட்டம் என்று தீர்மானிப்பதே ஈர்ப்புத்தான். மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தை அந்தப் பள்ளத்தின் எந்த மூலையில் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். தூக்குக்குண்டும் கடலுக்குச் செங்குத்தாகத்தான் தொங்கும். தண்ணீர் ஓடுவதற்கு அங்கே சரிவே இல்லை. தண்ணீர் தன் ஓய்வு நிலையில்தான் இருக்கிறது. கப்பற்காரருக்கும் மீன்பிடிக்காரருக்கும் அது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு ஆகாது. பள்ளத்துக்குள் நின்றுகொண்டு பள்ளத்தைக் காண வழியில்லை. கடலைத் தாழவைத்த ஈர்ப்புக் குறைவை நிறுத்துப் பார்க்கலாமென்றால், அதுவும் புறக்கோட்டையில் உள்ள எந்தத் தராசுக்கும் பிடிபடாத அளவுக்குச் சிறியது.

ஆனாலும் ஒருவருக்குப் பிடிபட்டது. ஒல்லாந்து நாட்டவரான பீலிக்ஸ் வெனிங் மைனஸ். ஊசல் ஆடும் வேகத்தைக் கொண்டு ஈர்ப்பை அளப்பது பழைய முறை. ஒல்லாந்தின் சேற்று நிலம் ஊசலைத் தாங்கும் சட்டகத்தையே ஆட்டிவிடுகிறது என்பதால், ஒரே சட்டகத்தில் பல ஊசல்களைத் தொங்கவிட்டு, சட்டகத்தின் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்படி அவர் ஒரு கருவி செய்தார். பின்னர் கடலுக்குப் போனார். மேற்பரப்பில் அலை விடாது. ஆகவே 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் போனார். அலை அடங்கும் ஆழத்துக்குக் கப்பலை இறக்கி, ஊசலை ஆடவிட்டு, பதிவு செய்துகொண்டு மேலே வருவது. ஆள் இரண்டு மீற்றருக்கும் மேல் உயரம். அந்தக் காலத்து நீர்மூழ்கியில் சாதாரண உயரக்காரனே குனிந்துதான் நடக்கவேண்டும். பித்தளையில் மின்னிய அவருடைய கருவிக்குப் பொற்கன்று என்று ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். 1934 இலும் 1935 இலும் ஒரே பயணமாக ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்காவின் அடியைச் சுற்றி, இந்து சமுத்திரத்தைக் குறுக்கறுத்து யாவா வரை அளந்துகொண்டே போனார். எங்கள் தெற்குக் கடலில் ஈர்ப்பு வேண்டிய அளவுக்கு இல்லை என்பதை அவர் அடையாளம் கண்டதாகக் குறிக்கப்படும் ஆண்டு 1948. இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டு என்பதால் எனக்கு மறக்காது.

1,840 ரூபா

நான் செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பாடசாலையில் கணக்கீடு படித்த எவருக்கும் தொங்கல் கணக்கு என்றால் தெரியும். பரீட்சை மீதியில் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமமாக வரவேண்டும். வரவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. தொங்கல் கணக்கு என்று ஒரு கணக்கைத் திறந்து, அதற்குள் போட்டுவைக்க வேண்டும். பிறகு தேட வேண்டும். காரணம் கிடைக்கும் வரை அது பேரேட்டில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல கணக்கெழுத்தனுக்கு அது உள்ளங்காலில் குத்திய முள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கு 1,840 ரூபா இடித்தது. இரண்டு இரவு தேடினேன். மூன்றாம் நாள் முதலாளி ஏதாவது சொல்வாரோ என்ற பயத்தில், சில்லறைச் செலவுக்குள் அதைத் தள்ளிவிட்டு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினேன். நாலு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் வந்து கண்டுபிடித்தார். 92,000 ரூபா ஒன்று ஒரு பக்கத்தில் மட்டும் பதியப்பட்டிருந்தது. 90,160 ரூபா இன்னொன்று எதிர்ப் பக்கத்தில் மட்டும் பதியப்பட்டிருந்தது. இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு, வெளியே தெரிந்த நுனிதான் 1,840. அவர் என்னைத் திட்டவில்லை. பேனையின் முனையால் சில்லறைச் செலவு என்ற வரியை ஒரு தரம் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தட்டல் இப்போதும் கேட்கிறது.

பெறாமகளின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது. விஞ்ஞானிகளைப் பிடித்து ஆட்டுகிற ஆய்வுகள் பெரும்பாலும் தொங்கல் கணக்கில் கிடப்பவை. அளந்ததும் கணித்ததும் ஒத்துவராமல் மிஞ்சிப்போன ஏதோ ஒரு சின்னத் தொகை.

பிரான்ஸ் நாட்டின் வானியலாளர் லெ வெரியேயை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனஸ் கிரகம் கணக்குப்படி போகவில்லை. வெளியே தெரியாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறது என்று அவர் கணித்து, எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். 1846 செப்டெம்பர் 23 ஆம் திகதி இரவு பேர்லினில் தேடினார்கள். அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைகூடத் தள்ளாமல் நெப்தியூன் இருந்தது. பேனை முனையால் கிரகம் பிடித்தவர் என்று உலகம் கொண்டாடியது. பிறகு அவருடைய பார்வை புதன் மேல் விழுந்தது. புதனின் பாதையும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தெரிந்த காரணங்கள் எல்லாவற்றையும் கழித்த பின்னரும் மிச்சம் நின்றது. பின்னாளில் திருத்தமாகக் கணித்தபோது அந்த மிச்சம் ஒரு நூற்றாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. நூறு வருடத்துக்கு 43 பங்கு! எங்கள் கடையில் இதைச் சில்லறைச் செலவென்றுகூட எழுதமாட்டார்கள், கூட்டி அள்ளிவிடுவார்கள். லெ வெரியே விடவில்லை. முன்பு வென்ற அதே வழியில், சூரியனுக்கும் புதனுக்கும் இடையே இன்னொரு கிரகம் இருக்கிறது என்று 1859 இல் சொன்னார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு கிரகம் இல்லை. அவர் 1877 இல் இறந்தார். தொகை தொங்கிக்கொண்டே இருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையைப் புதனில் வைத்துப் பார்த்தபோது, வேறெதையும் கூட்டாமல் அதே 43 வந்தது. சில நாட்கள் மகிழ்ச்சியில் நிலைகொள்ளாமல் இருந்ததாக அவர் நண்பருக்கு எழுதினார். அந்த மகிழ்ச்சி என்னவென்று எனக்குத் தெரியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கொஞ்சம் தெரியும்.

ஒரே மனிதர், ஒரே வழி. ஒரு தரம் காணாத பொருள் ஒன்று உண்மையில் இருந்தது, மறுதரம் கணக்கு எழுதும் முறையே மாறவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பினால் மட்டும் தெரியவரும் கரும்பொருளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். 1933 இல் வானியலாளர் சுவிக்கி, விண்மீன் கூட்டங்களின் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு இவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்றார். 1970 இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அந்திரொமீடா என்ற விண்மீன் கூட்டம் சுழலும் வேகத்தை அளந்தார்கள். வெளி ஓரத்தில் குறைய வேண்டிய வேகம் குறையவில்லை. இன்றைய கணக்கில் எங்களுக்குத் தெரிந்த சாதாரணப் பொருள் பிரபஞ்சத்தில் 5 சதவீதம், கரும்பொருள் 27, மிச்சம், பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் கருஞ்சக்தி. 95 சதவீதம் தொங்கல் கணக்கில் கிடக்கும் ஒரு பேரேட்டை எந்தக் கணக்காய்வாளரும் கையெழுத்திட்டுத் தரமாட்டார். ஆனாலும் அதைத் தொங்கல் கணக்கென்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கிறது.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது நியூத்திரன். அணுக்கருவுக்கு வெளியே தனியே விட்டால் கால் மணித்தியாலத்துக்குள் அது சராசரியாகச் சிதைந்து போகிறது. எவ்வளவு நேரம் என்று அளக்க இரண்டு வழி. ஒன்றில் நியூத்திரன்களை ஒரு பாத்திரத்தில் அடைத்துவைத்து, நேரம் போகப்போக எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். மற்றதில் ஓடும் நியூத்திரன் கற்றையிலிருந்து சிதைவின்போது வெளிவரும் புரோத்தன்களை எண்ணுகிறார்கள். ஒன்று உயிரோடு இருப்பவர்களின் இடாப்பு; மற்றது மரணப் பதிவு. இரண்டும் ஒரே விடையைத் தரவேண்டும். பாத்திரம் ஏறத்தாழ 878 செக்கன் என்கிறது, கற்றை 888 என்கிறது. பத்து செக்கன் இடிக்கிறது. மரணப் பதிவில் வராமல் சில நியூத்திரன்கள் வேறு வழியாகப் போகின்றனவா, அல்லது இரண்டு எழுத்தர்களில் ஒருவர் எங்கோ எண்ணத் தவறுகிறாரா?

எழுத்தர் தவறுவதும் உண்டுதான். 2011 இல் ஜெனீவாவுக்குப் பக்கத்திலிருந்து இத்தாலியின் மலையடிக்கு 730 கிலோமீற்றர் தூரம் அனுப்பிய நியூத்திரினோக்கள் (பாறையையும் ஊடுருவிப் போகும் மிகச் சிறிய துணிக்கைகள்) ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அளவுகள் காட்டின. ஐன்ஸ்டைன் விழுந்தார் என்று பத்திரிகைகள் குதித்தன. அளந்தவர்கள் குதிக்கவில்லை, எங்கள் கணக்கில் பிழையைக் காணவில்லை, நீங்களும் பாருங்கள் என்று உலகத்தின் முன் பேரேட்டை விரித்து வைத்தார்கள். சரியாக இறுக்கப்படாத ஒரு கண்ணாடி இழைக் கம்பிதான் முக்கிய காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1,840 ரூபாவை ஒளித்தவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

செட்டியார் தெருவில் வேலை செய்வதனால் ஒரு கல்லின் கதையையும் விட்டுவிட மனமில்லை. 1945 இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃபே என்பவர் நகைக்காரர் ஒருவரிடம் பழைய கற்களைப் பொறுக்கி வாங்கினார். அதில் இளம் ஊதா நிறக் கல் ஒன்று; எல்லோருடைய கண்ணுக்கும் அது ஸ்பினல். ஸ்பினலுக்குள் ஒளி ஒற்றையாகத்தான் முறியும். இந்தக் கல்லை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது உள்ளே தெரிந்த கீறல்கள் இரட்டையாகத் தெரிந்தன. நூறு கல்லைப் பார்க்கும் வேலையில் கண் களைத்துவிட்டது என்று வைத்துவிடலாம். அவர் லண்டனுக்கு அனுப்பினார். உலகம் அதுவரை அறியாத ஒரு கனியம் அது. டாஃபேயைட் என்று பெயர் வந்தது. பட்டை தீட்டி, விற்று, வாங்கிய பிறகு அடையாளம் காணப்பட்ட முதல் இரத்தினம். அந்தக் கனியம் எங்கே கிடைக்கிறது என்று தேடியபோது கைகாட்டியது இலங்கை மண்ணை. எத்தனை டாஃபேயைட் எங்கள் தெருவில் ஸ்பினல் விலைக்குப் போயிருக்கும் என்று எங்கள் முதலாளி ஒருவரிடம் கேட்டேன். அவர் கேள்வியை ரசிக்கவில்லை.

பள்ளத்தின் அடியில்

எங்கள் கடலுக்கு வருவோம். 1948 இலிருந்து தொங்கிய கணக்கு அது. 2002 இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள், ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி, இடைவெளியில் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைந்த மாற்றத்தையும் அளந்து புவியின் ஈர்ப்பை வரைந்தன. முன்னால் போவது பாரமான இடத்தை நெருங்கினால் சற்று விரைந்து இழுபடும். பின்னால் வருவது பிந்தும். அந்த இரண்டுக்கும் டொம், ஜெரி என்று செல்லப் பெயர். அவற்றின் படத்திலும் எங்கள் பள்ளம் நீலமாக, எல்லாவற்றையும்விடக் கரிய நீலமாகக் கிடந்தது. இருப்பது நிச்சயம், ஏன் என்பதுதான் மிச்சம்.

2023 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் ஒரு விடை தந்தார்கள். 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து கண்டத் தட்டுகள் நகர்ந்த வரலாற்றைக் கணினியில் பலமுறை ஓட்டிப் பார்த்தார்கள். அன்று இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே டெதிஸ் என்றொரு கடல் இருந்தது. இந்தியா வடக்கே நகர, அந்தக் கடலின் அடித்தளம் உள்ளே அமிழ்ந்து, புவியின் மையக்கருவின் விளிம்பு வரை இறங்கியது. அங்கே ஆபிரிக்காவுக்குக் கீழே கிடக்கும் சூடான பெருந்திணிவை அது குழப்பிவிட, சூடான, அடர்த்தி குறைந்த பொருள் மேலே எழுந்து எங்கள் கடலுக்குக் கீழே பரவியது. அடர்த்தி குறைந்தால் இழுவை குறையும். இழுவை குறைந்த இடத்தில் கடல் தாழும். இன்றைய வடிவத்தில் பள்ளம் அமைந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு ஆகிறது என்கிறார்கள். எல்லோரும் இதை ஏற்கவில்லை. அந்தச் சூடான பொருள் அங்கே இருப்பதற்கு நிலநடுக்க அலைகளின் நேரடிச் சான்று போதாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, கணக்கு இன்னும் மூடப்படவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் செருப்பை நனைத்த தண்ணீர் இத்தனை தாழ்வில் நிற்பதற்கு, காணாமற்போன ஒரு கடலின் அடித்தளம் காரணமாக இருக்கலாம் என்பதை அறிந்தபின், அந்த 93 ஐச் சரிக்கட்டும் செயலி எதையும் நான் போட்டுக்கொள்ளவில்லை.

பெறாமகள் பேச்சில் கருந்துளையைத் தூக்கிவிட்டு இந்தப் பள்ளத்தை வைத்தாள். இரண்டாம் இடம். தலைப்பில் ஆய்வுகள் என்று பன்மையில் இருக்க ஒன்றைப் பற்றியே பேசியதாக ஒரு நடுவர் குறித்திருந்தாராம். நடுவர் சொன்னதும் நியாயம்தான்.

போன கிழமை மின்னேற்றிக் கம்பி வாங்க அந்தத் திருத்தகத்துக்குப் போனேன். பொடியன் என்னை அடையாளம் கண்டு, சென்சர் மாற்றவில்லையா என்று கேட்டான். தொலைபேசி பழுதில்லை, கடல்தான் உண்மையிலேயே தாழ்ந்து கிடக்கிறது என்றேன். அவன் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு, கடைவாசலுக்கு வந்து, குறுக்குத் தெருவின் முனையில் தெரிந்த கடலை ஒரு முறை எட்டிப் பார்த்தான்.

"அப்ப பழுது அங்கேயா அண்ணே?" என்றான்.